தொடாமல் அவிழுமா டி.என்.ஏ.?

மனித நஞ்சுக்கொடியிலிருந்து பிரித்தெடுத்த டி.என்.ஏ. கொஞ்சம், அதைக் கரைக்கத் தண்ணீர், மூடி போட்ட சிறு குழாய்கள். 1993-இல் கலிஃபோர்னியாவின் ஹார்ட்மேத் நிறுவனத்தைச் சேர்ந்த கிளென் ரைன், ரோலின் மெக்ரேட்டி ஆகிய இருவரும் வெளியிட்ட சோதனைக்குத் தேவைப்பட்ட பொருள்கள் அநேகமாக இவ்வளவுதான். கூடவே, மனத்தை அன்பிலும் நன்றியிலும் நிறுத்திவைக்கப் பழகிய சிலர். அவர்கள் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் சுருள் அவிழ வேண்டும் என்றோ இறுக வேண்டும் என்றோ எண்ணினார்கள். பிறகு கருவியில் வைத்து அளந்தபோது, எண்ணியபடியே அவிழ்ந்தும் இறுகியும் இருந்தது என்று அறிவித்தார்கள். தொலைவிலிருந்து எண்ணினாலும் நடந்தது என்றார்கள்.

இது முதல் முறையும் இல்லை. 1980-களின் பிற்பகுதியில் சீனா முழுக்க சிகோங் என்ற மூச்சுப்பயிற்சியின் அலை அடித்துக்கொண்டிருந்தபோது, யான் சின் என்ற குருவை வைத்து பெய்ஜிங்கின் சிங்குவா பல்கலைக்கழகத்தில் தொடர் சோதனைகள் நடந்தன. அவர் தம் உடலிலிருந்து வெளியே செலுத்திய 'ச்சி' என்ற உயிராற்றல், பல கிலோமீட்டர் தள்ளி இருந்த குழாய்களில் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. கரைசல்களை மாற்றியது என்று ஆய்வறிக்கைகள் வந்தன. சீன ராக்கெட் துறையின் தந்தை எனப்படும் சியான் சூசென் அந்தச் சோதனைகளைப் பாராட்டிப் பேசினார். ராக்கெட் விட்டவர் சொல்லிவிட்டார் என்றால் கூட்டம் சும்மா இருக்குமா?

நம் ஊரிலும் 'உங்கள் எண்ணம் உங்கள் மரபணுவை மாற்றும்' என்று கைப்பேசிக்குக் கைப்பேசி தாவும் காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். சிரித்துத் தள்ளிவிடலாம். ஆனால் 'பிரபஞ்ச சக்தி உங்களை வாழ்த்துகிறது' என்பதைப் போல எந்தப் பக்கமும் பிடி கொடுக்காத பேச்சு இல்லை இது. குழாய் இருக்கிறது, கருவி இருக்கிறது, எண் இருக்கிறது. சரியா தவறா என்று பார்த்துவிடலாம். அந்த அளவில் இந்தக் கூற்றுக்கு ஒரு மரியாதை உண்டு, அந்த மரியாதையைச் சோதித்துப் பார்த்துத்தான் செலுத்த வேண்டும்.

கலிஃபோர்னியாவிலும் பெய்ஜிங்கிலும் சாட்சி சொன்னது ஒரே வகைக் கருவிதான்: கரைசல் எவ்வளவு புற ஊதா ஒளியை விழுங்குகிறது என்று அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர். உயிர்வேதியியல் துறை உள்ள கல்லூரிகளில் பெரும்பாலும் ஒன்று இருக்கும்.

அது வேலை செய்யும் விதம் அழகானது. டி.என்.ஏ. என்பது 2 நானோமீட்டர் அகலமே உள்ள முறுக்கேணி. ஏணியின் படிகள்தான் அடெனின், தைமின், குவானின், சைட்டோசின் என்ற காரங்களின் இணைகள். படிக்கும் படிக்கும் இடைவெளி 0.34 நானோமீட்டர், பத்துப் பத்தரை படிகளுக்கு ஒரு முழுச் சுற்று. இந்தக் காரங்கள் 260 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளியை விரும்பி விழுங்கும். ஆனால் ஏணிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி அடுக்கப்பட்டிருக்கும்போது அவற்றின் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று பாதிப்பதால் விழுங்கும் திறன் குறைந்துவிடுகிறது. இரு இழைகளும் பிரிந்து அடுக்கு கலைந்தால் திறன் திரும்பி வரும். கருவியில் 1.00 என்று காட்டிய கரைசலை 95 டிகிரிக்குச் சூடாக்கினால் எண் 1.37-ஐ ஒட்டி ஏறி நிற்கும். ஒரு துகள் டி.என்.ஏ. கூடக் கூடவில்லை, குறையவில்லை, அவிழ்ந்திருக்கிறது, அவ்வளவே. கண்ணுக்கு எட்டாத ஒரு சுருள் அவிழ்வதை மேசை மேல் இருக்கும் பெட்டி எண்ணாகச் சொல்கிறது என்பதில் எனக்கு இன்னும் வியப்புத் தீரவில்லை.

ஆக, எண் ஏறினால் சுருள் அவிழ்ந்தது, இறங்கினால் இறுகியது என்று கணக்குப் போடத் தோன்றும். வம்பு இங்கேதான் தொடங்குகிறது. சுருள் அவிழ்ந்தால் எண் ஏறும் என்பது உண்மை. எண் ஏறினாலே சுருள் அவிழ்ந்துவிட்டது என்பது உண்மையில்லை.

கருவியின் முன் ஒரு பகல் நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். கரைசலை ஊற்றும் சிறு சதுரப் புட்டிக்கு குவெட் என்று பெயர். சாதாரணக் கண்ணாடியே இந்த ஒளியை விழுங்கிவிடும் என்பதால் அதை குவார்ட்ஸில் செய்திருப்பார்கள். அதன் இரண்டு பக்கம் மங்கலாக, இரண்டு பக்கம் பளபளப்பாக இருக்கும். பிடிக்க வேண்டியது மங்கல் பக்கத்தை. பளபளப்புப் பக்கத்தில் விரல் பட்டால் ரேகை பதியும். ரேகையில் இருக்கும் எண்ணெயும் புரதமும் ஒளியை விழுங்கும், சிதறடிக்கும், எண் ஏறும். முதலாண்டு மாணவர்கள் ஆய்வகத்தில் வாங்கும் திட்டில் பாதி இதற்காகத்தான். உள்ளே ஒரு காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டால் எண் ஏறும். விளக்கைப் போட்டு அரை மணி நேரம் காத்திருக்காமல் அளந்தால் எண் தானாக நகர்ந்துகொண்டே இருக்கும். மூடி சரியாகப் பொருந்தாத குழாயில் நீர் ஆவியாகும், கரைசல் அடர்த்தியாகும், எண் ஏறும். பிப்பெட்டில் எடுக்கும் அளவு ஒவ்வொரு முறையும் மயிரிழை வேறுபடும்.

குழாயைக் கையில் பிடிப்பது தனிக் கதை. உள்ளங்கையின் சூடு அறையின் குளிர்ச்சியைவிடப் பத்து டிகிரிகூட அதிகமாக இருக்கலாம். மேசைமேல் வைத்த குழாயையும் கையில் வைத்த குழாயையும் ஒப்பிடுகிறவர் அன்பை அளக்கிறாரா, வெப்பத்தையா? விரல் நுனி வியர்வையில் டி.என்.ஏ.வை வெட்டும் நொதிகளே இருக்கின்றன. கையுறை இல்லாமல் மூடியைத் திறந்தவர் கை பட்டால் கதை வேறாகிவிடும்.

இன்னொன்று, உப்பு. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது டி.என்.ஏ.வுக்கும் பொருந்தும். ஏணியின் இரண்டு கைப்பிடிகளும் சர்க்கரையும் பாஸ்பேட்டும் கோத்தவை, பாஸ்பேட்டினால் இரண்டிலும் எதிர்மின்னேற்றம். ஒன்றையொன்று தள்ளும். கரைசலில் சோடியம், மக்னீசியம் போன்ற நேர்மின் அயனிகள் வந்து நடுவே நின்றால்தான் தள்ளல் அடங்கி இழைகள் சேர்ந்திருக்கும். வெறும் வடிநீரில் கரைத்தால் அறை வெப்பத்திலேயே அவிழத் தொடங்கிவிடும். போதாதற்குக் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து தூய நீரின் பி.எச். 5.6 வரை இறங்கும். அதனால்தான் ஆய்வாளர்கள் உப்பும் பி.எச்.-உம் கட்டுப்படுத்திய பஃபரில் கரைப்பார்கள். உப்பு குறைந்த கரைசல் அவிழ்வதற்கும் சேர்வதற்கும் நடுவே ஊசலாடிக்கொண்டிருக்கும். சிறு தூண்டல் போதும், எண் ஆடும். ஆற்றல் சோதனைக்கு அதைத் தேர்ந்தெடுப்பவர், ஆடுவதற்கென்றே ஒரு முள்ளைத் தேர்ந்தெடுத்தவர் ஆகிறார்.

அதற்காக டி.என்.ஏ. என்பது அசையாத சிலை என்று நினைத்துவிட வேண்டாம். படிகளாக நிற்கும் இணைகள் ஓயாமல் திறந்து மூடிக்கொண்டே இருக்கின்றன. அடெனின்-தைமின் இணை ஒன்று சில மில்லிநொடிகளுக்கு ஒரு முறை பட்டென்று திறந்து, நானோநொடிக் கணக்கில் மறுபடி மூடிக்கொள்கிறது. குவானின்-சைட்டோசின் இணைக்குப் பிடிப்பு கூடுதல், அது இன்னும் கொஞ்சம் பொறுத்துத் திறக்கும். இதற்குப் பெயரே டி.என்.ஏ.வின் மூச்சு. அறையின் வெப்பத்தில் மூலக்கூறுகள் இடிபடும் ஆற்றல் ஒரு மோலுக்கு 0.6 கிலோகலோரி அளவு; ஒரு படியைத் தாங்கி நிற்கும் நிகர வலுவோ அதைப்போல் இரண்டு மூன்று மடங்குதான். உடைந்துவிடாமலும் உறைந்துவிடாமலும் நிற்கும் அந்தச் சின்ன இடைவெளியில்தான் உயிர் தன் எழுத்துகளைப் படிக்கிறது.

இழைகளை வெறும் விசையால் பிரிக்க எவ்வளவு வேண்டும் என்பதும் தெரியும். 1990-களில் ஆய்வாளர்கள் ஒற்றை டி.என்.ஏ. மூலக்கூறின் முனைகளை நுண்மணிகளில் ஒட்டி இழுத்துப் பார்த்தார்கள். இழைகளை ஜிப் பிரிப்பதுபோல் பிரிக்க 10 முதல் 15 பிகோநியூட்டன் பிடித்தது. இருபுறமும் நீட்டினால் 65 பிகோநியூட்டனில் ஏணி சட்டென்று இளகி ஒன்றரை மடங்குக்கு மேல் நீள்கிறது. 15 பிகோநியூட்டன் என்றால் ஆயிரத்து ஐந்நூறு ஈ.கோலை பாக்டீரியாக்களின் எடை. செல்லுக்குள் இந்த வேலையைச் செய்வது ஹெலிகேஸ் என்ற நொதி, எரிபொருள் ஏ.டி.பி. ஈ.கோலை தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும்போது நொடிக்கு ஆயிரம் படிகள் அவிழ்கின்றன. பத்துப் படிக்கு ஒரு சுற்று என்றால் நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்று. அதனால் முன்னே ஏறும் முறுக்கை வெட்டி ஒட்டித் தளர்த்த கைரேஸ் என்று இன்னொரு நொதி. சிறுநீர்த் தொற்றுக்கு மருத்துவர் எழுதித்தரும் சிப்ரோஃப்ளாக்சசின் இந்த கைரேஸின் கழுத்தைத்தான் நெரிக்கிறது.

ஆற்றல் டி.என்.ஏ.வை மாற்றும் என்பதில் ஐயமே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெயிலின் புற ஊதாக்கதிர் அடுத்தடுத்த இரண்டு தைமின்களை ஒட்டிவிடும். எக்ஸ் கதிர் இழையையே அறுக்கும். இவற்றுக்கெல்லாம் அளவு உண்டு, அளவைக் கூட்டினால் விளைவும் கூடும். எண்ணமோ ச்சியோ செலுத்துவதாகச் சொல்லப்படும் ஆற்றலில் இதுவரை காணாதது அந்தக் கணக்கு.

சரி, எண் எதனாலெல்லாம் மாறும் என்று பார்த்தோம். எண்ணத்தால் மாறுகிறதா என்று எப்படிப் பார்ப்பது? குழாயைப் பற்றி இப்போதைக்குப் பேச வேண்டாம், மனிதரைப் பற்றிப் பேசுவோம்.

1996-இல் அமெரிக்காவின் கொலராடோவில் எமிலி ரோசா என்ற ஒன்பது வயதுச் சிறுமி தன் நான்காம் வகுப்பு அறிவியல் கண்காட்சிக்கு ஒரு சோதனை செய்தாள். நோயாளியைத் தொடாமல், உடலுக்குச் சில அங்குலம் மேலே கையை நகர்த்தி 'மனித ஆற்றல் புலத்தை' உணர்ந்து சீர்செய்யும் ஒரு சிகிச்சை அப்போது அங்கே செவிலியரிடையே பரவியிருந்தது. எமிலி கேட்ட கேள்வி சிறியது: புலத்தை உணர முடிகிறது என்கிறீர்களே, அதைக் காட்டுங்கள்.

ஒரு அட்டைத் தடுப்பு. அதன் அடியில் இரண்டு துளைகள். சிகிச்சையாளர் இரண்டு கைகளையும் துளைகள் வழியே நீட்டி, உள்ளங்கை மேலே பார்க்க மேசையில் வைக்க வேண்டும். எட்டிப் பார்க்காமலிருக்கத் துளைகளின் மேல் ஒரு துண்டு. மறுபுறம் எமிலி ஒரு காசைச் சுண்டுவாள். பூவா தலையா என்பதைப் பொறுத்து வலக் கைக்கு மேலேயோ இடக் கைக்கு மேலேயோ எட்டுப் பத்து சென்டிமீட்டர் உயரத்தில் தன் கையை நிறுத்துவாள். எந்தக் கை? சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

முதல் சுற்று முடிந்ததும் காரணங்கள் வந்தன. முந்தைய முறையின் ஆற்றல் கையில் தங்கிவிடுகிறது என்றார்கள்; ஒரு கை அனுப்புவது, மறு கை வாங்குவது என்றார்கள். எமிலி சண்டை போடவில்லை. இரண்டாம் சுற்றில், அவளுடைய எந்தக் கையின் புலம் வலுவாக இருக்கிறது என்று முதலில் உணர்ந்து பார்த்து, அந்தக் கையையே தேர்ந்தெடுத்துக்கொள்ளச் சொன்னாள். இரண்டு சுற்றிலுமாக 21 சிகிச்சையாளர்கள், 280 முறை. சரியாகச் சொன்னது 123. நூற்றுக்கு 44, காசைச் சுண்டியே சொல்லியிருந்தால் ஐம்பதை ஒட்டி வந்திருக்கும். 1998 ஏப்ரலில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் இதை வெளியிட்டபோது எமிலிக்கு வயது பதினொன்று.

சிகிச்சையால் யாருக்கும் நன்மை இல்லை என்று அவள் நிரூபித்ததாகச் சொல்வது மிகை. அவள் சோதித்தது உணரும் திறனை மட்டுமே. ஆனால் உணரவே முடியாத புலத்தை எப்படிச் சீர்செய்வது என்ற கேள்வி அங்கேயே நிற்கிறது.

சீனாவிலும் 1988-இல் இப்படி ஒன்று நடந்தது. அமெரிக்காவிலிருந்து போன ஐயவாதிகள் குழுவில் மாயவித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டியும் இருந்தார். ஒரு சிகோங் குரு ச்சி அனுப்பினால் அவருடைய நோயாளி உடலை முறுக்கிக்கொண்டு நெளிவார் என்று கேள்விப்பட்டு, குருவை ஓர் அறையிலும் நோயாளியை இன்னோர் அறையிலும் உட்காரவைத்தார்கள். எப்போது அனுப்ப வேண்டும், எப்போது அனுப்பக் கூடாது என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. குரு அனுப்பியபோதும் நெளிந்தார், அனுப்பாதபோதும் நெளிந்தார். நடித்தார் என்று நான் நினைக்கவில்லை. எதிர்பார்ப்புக்கு உடலை ஆட்டும் வலு நிஜமாகவே உண்டு. அது ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் சுவரைத் தாண்டிப் போக வேண்டியதில்லை.

நோபல் பரிசு வாங்கினால் இந்தக் கண்ணிகளில் கால் மாட்டாது என்று யாரும் எண்ண வேண்டாம். எச்.ஐ.வி.யைக் கண்டறிந்ததற்காக 2008-இல் பரிசு பெற்ற லூக் மொந்தாஞே, மறு ஆண்டே, பாக்டீரியாவின் டி.என்.ஏ.வைப் பெருமளவு நீர்க்கச் செய்த தண்ணீர் மின்காந்த அலையை உமிழ்கிறது என்று எழுதினார். அவரே ஆசிரியர் குழுவுக்குத் தலைமை வகித்த இதழில், அனுப்பிய சில நாள்களுக்குள் ஏற்கப்பட்ட கட்டுரை அது. பிறகு, ஒரு குழாயின் அலையைப் பக்கத்துக் குழாயின் வெறும் தண்ணீரில் பதித்தால் பி.சி.ஆர். முறையில் அதே டி.என்.ஏ. அங்கே உருவாகிறது என்றார். பி.சி.ஆர். ஒவ்வொரு சுழற்சியிலும் டி.என்.ஏ.வை இரட்டிப்பாக்கும், 30 சுழற்சியில் ஒன்று நூறு கோடிக்கு மேல் பெருகும். காற்றில் மிதந்து வந்த ஒரே ஒரு மூலக்கூறு போதும், வெறுங்குழாய் வெறுங்குழாயாக இருக்காது. பி.சி.ஆர். நடத்தும் எவரும் முதலில் பயப்படுவது இந்த மாசுக்குத்தான். அலையைச் சந்தேகிப்பதற்கு முன்பு பிப்பெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஹார்ட்மேத் சோதனையை நாமே திரும்பச் செய்தால் எப்படிச் செய்வது? பெரிய செலவு இல்லை. கன்றின் தைமஸ் சுரப்பியிலிருந்து எடுத்த டி.என்.ஏ. விலைக்குக் கிடைக்கிறது. ஒரே கரைசலிலிருந்து இருபது இணைக் குழாய்கள் நிரப்பி, மூடியை ஒட்டி, எண் போட வேண்டும். இணைக்கு ஒரு முறை காசைச் சுண்டி, ஒரு குழாய் ஆற்றல் தருபவரிடம் போகும். மற்றது மேசைக்குப் போகக் கூடாது. அதே நேரம், அதே சூட்டில், இன்னொருவர் கைக்குப் போக வேண்டும். அவர் அன்பை நினைக்காமல் பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டிருக்கட்டும். எது யாரிடம் போனது என்ற பட்டியல் உறையில் போட்டு ஒட்டப்படும். கருவியில் இருப்பவருக்குக் குழாயின் எண் மட்டும் தெரியும். எந்த அலைநீளத்தில் அளப்பது, எண் ஏறினால் வெற்றியா இறங்கினால் வெற்றியா என்பதை முதல் குழாயைத் தொடும் முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் ஏறினாலும் வெற்றி, இறங்கினாலும் வெற்றி என்று ஆகிவிடும். நடுவே சில குழாய்களை யாருக்கும் சொல்லாமல் 95 டிகிரியில் காய்ச்சிச் சட்டென்று பனிக்கட்டியில் வைத்துக் கலந்துவிட வேண்டும். நிஜமாகவே அவிழ்ந்ததைக் கருவி பிடிக்கிறதா என்று அப்போதுதான் தெரியும்.

உறையைப் பிரித்தபின் இருபதில் பத்து சரியாக இருந்தால் வெறும் காசு. பதினைந்தோ அதற்கு மேலோ என்றால்? வெறும் அதிர்ஷ்டத்தால் அது ஐம்பதில் ஒரு முறை நடக்கும். ஐம்பது பேர் தனித்தனியே இந்தச் சோதனையைச் செய்தால் சராசரியாக ஒருவருக்கு வரும் என்று எதிர்பார்க்கலாம், காணொளி எடுத்து வெளியிடுபவரும் அவராகத்தான் இருப்பார். மற்ற நாற்பத்தொன்பது பேரும் குழாயைக் கழுவிவைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆகவே பதினைந்து வந்தால் செய்ய வேண்டியது இன்னொரு ஊரில், வேறு ஆட்களை வைத்து, மறுபடி.

அந்த 'வேறு ஆட்கள்' என்பது சாதாரண நிபந்தனை இல்லை. தண்ணீருக்கு நினைவு உண்டு என்று 1988-இல் சொல்லிப் புகழும் பழியும் பெற்ற பிரெஞ்சு ஆய்வாளர் ஜாக் பென்வெனிஸ்த், பின்னாளில் மூலக்கூறுகளின் சமிக்ஞையைக் கணினியில் பதிவு செய்து தண்ணீருக்குத் திரும்பக் கொடுக்க முடியும் என்றார். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிதியில், வெய்ன் ஜோனஸ் தலைமையில் ஒரு குழு இதைச் சோதித்து 2006-இல் முடிவை வெளியிட்டது. ஜோனஸ் இத்தகைய முறைகளுக்கு எதிரி இல்லை. அமெரிக்க அரசின் மாற்று மருத்துவ அலுவலகத்துக்குத் தலைமை வகித்தவர். பென்வெனிஸ்த்தின் ஆட்களும் சோதனையில் பங்கேற்றார்கள். மறுபடி மறுபடி செய்து காட்டக்கூடிய விளைவு எதுவும் கிடைக்கவில்லை. இடையிடையே விளைவு தெரிந்தபோதோ, அது பென்வெனிஸ்த் குழுவைச் சேர்ந்த ஒரு குறிப்பிட்ட நபர் இருந்த நேரங்களோடு சேர்ந்தே வந்தது. சிலருக்கு வரும், சிலருக்கு வராது, சிலர் தடுத்தே விடுவார்கள் என்று பென்வெனிஸ்த் அதற்கு விளக்கம் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், அடுத்து ஆராய வேண்டியது தண்ணீரை இல்லை; அந்த நபர் குழாயைக் கையாளும் விதத்தை.